பில்லுக்கு உதவி கேட்கும் முன் விசாவைப் பாருங்க தம்பி

திருப்பூரிலிருந்து லெஸ்டருக்கு வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்கில்டு ஒர்க்கர் விசா, ஒரே சம்பளம், வீட்டில் கைக்குழந்தை, கேஸும் கரண்டும் சேர்ந்து கட்ட முடியாத அளவுக்கு பில். குறைந்த வருமானக்காரர்களுக்கு இங்கிலாந்து அரசு பில்லில் உதவுகிறதாமே, நாங்களும் விண்ணப்பிக்கலாமா, எந்த கம்பெனிக்கு மாறினால் மலிவு, நல்ல நர்சரி எது என்று.

மலிவான கம்பெனி எது என்று ஒப்பிட்டுக் காட்ட வெப்சைட்டுகள் இருக்கின்றன. நர்சரி பற்றி லெஸ்டர்காரர்கள் சொல்வார்கள். முதல் கேள்விக்கு மட்டும் நான் விரிவாக எழுதுகிறேன், தெரியாமல் எதையோ விண்ணப்பித்துவிட்டு விசா நீட்டிப்பு நேரத்தில் வக்கீலைத் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் ஈவிசாவை, அதாவது ஆன்லைனில் இருக்கும் விசா பதிவை, திறந்து பாருங்கள். பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசு தரும் உதவித்தொகைகள், கிடையாது என்று போட்டிருக்கும். அப்படியென்றால் குறைந்த வருமானக்காரர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட், குழந்தைக்குத் தரும் சைல்டு பெனிபிட், கவுன்சில் டாக்ஸ் குறைப்பு எதையும் தொடக்கூடாது. நீங்கள் கேள்விப்பட்ட வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் பில்லில் 150 பவுண்டு குறைக்கிறது, ஆனால் அது யூனிவர்சல் கிரெடிட் மாதிரி வருமானம் பார்த்துக் கொடுக்கும் பெனிபிட் வாங்குகிறவர்களுக்கு. சராசரி வெப்பநிலை ஏழு நாள் தொடர்ந்து பூஜ்யம் டிகிரியோ அதற்குக் கீழேயோ இருந்தால் 25 பவுண்டு தருகிற கோல்டு வெதர் பேமென்ட்டும் அப்படித்தான். வின்டர் ஃபியூவல் பேமென்ட் ஓய்வூதிய வயதுக்காரர்களுக்கு. ஆக, இப்போதைக்கு இதில் எதுவும் உங்களுக்கு இல்லை. நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகு தகுதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். "எங்க பக்கத்து வீட்டுக்காரர் வாங்கறாரு, நீங்களும் போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஃபாரம் அனுப்புகிறவர்களை நம்பாதீர்கள். அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

கவுன்சில், அதாவது உள்ளூர் நிர்வாகம், தரும் அவசர உதவிகளில் சில பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்கில் வரும், சில வராது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, உங்களால் முடிவது என்ன? உங்கள் கேஸ், கரண்ட் சப்ளையருக்கு போன் போடுங்கள். கட்ட முடியவில்லை என்று சொன்னால் உங்கள் வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டம் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை, எரிசக்தி கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் விதியே அது. பெரிய சப்ளையர்கள் சிலரிடம் கஷ்டப்படுகிறவர்களுக்கென்று தனி நிதியும் உண்டு. தர்ம அமைப்புகள் தரும் ஃபியூவல் வவுச்சர் பப்ளிக் ஃபண்ட்ஸ் ஆகாது. குழந்தை ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் சப்ளையர் வைத்திருக்கும் பிரயாரிட்டி சர்வீசஸ் ரிஜிஸ்டரில், அதாவது முன்னுரிமைப் பட்டியலில், பெயர் கொடுங்கள். அதில் பணம் வராது, ஆனால் கரண்ட் போனால் உங்களை முதலில் கவனிப்பார்கள். அப்புறம் விலை வரம்பு, அதுதான் பிரைஸ் கேப், இருக்கிறதே, பில் அதற்கு மேல் வராது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். வரம்பு யூனிட் விலைக்கும் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய தினசரி ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். நீங்கள் எரிக்க எரிக்க பில் ஏறிக்கொண்டேதான் போகும்.

நம் ஆட்களிடம் எனக்குக் கோபமே இந்த போன் விஷயத்தில்தான். கவுரவம் பார்த்துக்கொண்டு, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் டிராயரில் போட்டு, ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, ஈரத் துணியை ரூமுக்குள்ளேயே காயப்போட்டு, சுவரெல்லாம் பூஞ்சை பிடித்து, கடைசியில் குழந்தைக்கு இருமல். நான் கோபி பக்கம். பெருமாநல்லூரில் 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள், யூனிட்டுக்கு ஒரு பைசாவுக்காக. 1972ல் கோயமுத்தூர் ரோடுகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். எங்கள் அப்பாரு வண்டி பூட்டிக்கொண்டு போனவர், சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்வார். அந்தப் போராட்டமெல்லாம் சேர்ந்துதான் இன்று தோட்டத்து மோட்டார் இலவச கரண்டில் ஓடுகிறது. ஊரில் அதை வாங்க யாரும் கூச்சப்படுவதில்லை, கூச்சப்படவும் வேண்டாம். இங்கே வந்து ஒரு தவணை கேட்க மட்டும் ஏன் நாக்கு எழ மாட்டேன் என்கிறது?

நான் 2007 ஜனவரியில் ஈஸ்ட் ஹாமில் ஒரு ரூமுக்கு வந்தேன். வீட்டுக்காரர் நம் தமிழர்தான். ரூமுக்கு ரூம் தனி மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை. வீட்டுக்காரர் தான் வாங்கிய விலைக்கு மேல் கரண்டை விற்கக்கூடாது என்று விதி இருப்பதை அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா சொன்னார். பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், விலை தானாக இறங்கியது. அடுத்து நான் மாறிய வீட்டில் முன்கூட்டியே காசு ஏற்றும் ப்ரீபே கேஸ் மீட்டர். கோடையில் கேஸே எரிக்கவில்லை என்று காசு போடாமல் விட்டால் தினசரி சார்ஜ் கடனாகச் சேர்ந்துகொண்டிருக்கும், அக்டோபரில் கார்டை எடுத்துக்கொண்டு போய் மூலைக்கடையில் 20 பவுண்டு ஏற்றி வந்து செருகினால் பாதியை மீட்டர் விழுங்கிவிடும், குளிர் அப்படியே இருக்கும். கூட இருந்த பையன்களிடம் கோடையிலும் வாரம் கொஞ்சம் போடச் சொல்லிப் பழக்கினேன்.

2022 குளிர்காலத்தில் விலை தாறுமாறாக ஏறியபோது அரசு எல்லா வீட்டுக்கும் 400 பவுண்டு கொடுத்தது, ஆறு மாதம் பிரித்து. பெனிபிட் வாங்கினால்தான் என்ற நிபந்தனை அதில் இல்லை. வாடகையோடு பில்லையும் சேர்த்து வாங்கிய வீட்டுக்காரர்கள் அதைக் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமும் போட்டார்கள். எனக்குத் தெரிந்த மாணவர்கள் நான்கு பேர் கேட்கவே இல்லை, "வீட்டுக்கார அண்ணன் கோவிச்சுக்குவாருங்க" என்றார்கள். அந்த அண்ணன் அதைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டார்.

உங்கள் பில்லில் எஸ்டிமேட்டட், அதாவது மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போட்டது, என்று இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. இருந்தால் இன்றைக்கே மீட்டரை போட்டோ எடுத்து சப்ளையருக்கு அனுப்புங்கள். புது வீட்டில் முந்தின ஆள் எரித்ததும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கலாம். அப்புறம், அரசு பணம் வந்திருக்கிறது, வங்கி விவரம் கொடுங்கள் என்று மெசேஜ் வந்தால் அழித்துவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் சப்ளையரின் லைன் திறந்ததும் போன் போடுங்கள், சம்பள சீட்டையும் வாடகைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.