ஒயரில் தேன்சிட்டு, பரணில் கூகை: கேள்வி பதில்

வீட்டோரம் கூடு கட்டும் பறவைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பறவையியல் படித்தவன் இல்லை. ஓட்டு வீடு, கிணறு, நாலு தென்னை, இருபது வருஷமாகக் குறித்து வைத்த நோட்டு, அவ்வளவுதான் என் படிப்பு.

தாழ்வாரத்து லைட் ஒயரில் ஒட்டடையும் குப்பையுமாக ஏதோ தொங்கியது. துடைப்பத்தால் தட்டப் போனால் உள்ளேயிருந்து குட்டிக் குருவி ஒன்று பறக்கிறது. என்ன அது?

நல்லவேளை, தட்டவில்லை. தேன்சிட்டுக் கூடு அது. குப்பை மாதிரி தெரிவதுதான் அதன் சாமர்த்தியமே. சிலந்தி நூலால் இழுத்துக் கட்டி, மேலே மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டியிருக்கும். கிட்டப்போகாமல் நின்று பாருங்கள், வாசலுக்கு மேல் மழைத் தண்ணீர் இறங்காதபடி சின்னதாக ஒரு கூரை நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளேயிருந்து பெட்டையின் வளைந்த மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு வெளியேற இன்னும் இரண்டரை வாரம். நீங்கள் கீழே நடமாடுவதெல்லாம் அதற்குப் பழகிப்போயிருக்கும், பயப்படாமல் வழக்கம்போல இருங்கள். கூட்டைத் தொட்டுப் பார்ப்பது, இடம் மாற்றுவது மட்டும் வேண்டாம். செம்பருத்தித் தொட்டியில் சின்னான் என்கிற கொண்டைக்குருவி கூடு வைத்திருந்தபோது, பாவம் வெயில் படுகிறதே என்று நான் தொட்டியைப் பத்தடி நகர்த்தினேன். தாய் பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது, மூன்று முட்டையும் வீணாகப் போயின. நல்ல மனசோடு செய்த காரியம்தான்.

குஞ்சு கீழே விழுந்துவிட்டது. கையால் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார்களே?

ஒதுக்காது. சிறகு முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். சிறகு வந்து தத்தித் தத்திக் குதிக்கிறதா? அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. பூனை வராமல் பக்கத்துச் செடிக்குள் விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், நீங்கள் அங்கேயே நின்றால் தாய் இரையோடு வந்தும் இறங்காது. பாலும் சோறும் ஊட்டாதீர்கள். வாயில் தண்ணீர் விடவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும்.

மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குள் கூடு. மோட்டார் போடாமல் எப்படி?

வேறு வழியில் தண்ணீர் எடுக்க முடிந்தால் ஒரு மாதம் பொறுங்கள். சிவகங்கைப் பக்கம் பொத்தக்குடியில் 2020இல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் பறவை முட்டையிட்டிருந்தது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரே இருட்டில் இருந்தது. முடியவே முடியாது என்றால் எலக்ட்ரீஷியனை வைத்துப் பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு சுவிட்ச் போடுங்கள். நீங்களே உள்ளே கை விடாதீர்கள், குருவிக்காகச் சொல்லவில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

கிணற்று மேல் சாய்ந்த தென்னை ஓலையில் தூக்கணாங்குருவிக் கூடுகள். பாதிக்கு மேல் அரைகுறையாக நிற்கின்றனவே, ஏதாவது விரட்டிவிட்டதா?

எதுவும் விரட்டவில்லை, பெண் பார்க்கும் படலம் அது! ஆண்தான் கட்டும். கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி பாதிக்கூடு வரைக்கும் கட்ட எட்டு நாள் போல ஆகும், அப்புறம் தொங்கிக்கொண்டே சிறகடித்துக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே இழுத்து, பிடித்துப் பார்க்கும். பிடித்தால்தான் முட்டையறையும் நீளக் குழாயும் முடியும், முழுக்கூட்டுக்கு மொத்தம் 18 நாள் போல. பிடிக்காவிட்டால் அப்படியே நிற்கும், ஐயா அடுத்ததைத் தொடங்கிவிடுவார். ஜோடி அமைந்தாலும் தொடங்குவார், அது வேறு கதை. உள்சுவரில் களிமண் அப்பியிருக்கும். அதில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பது பாட்டி கதை. சீசன் முடிந்ததும் கூடுகளை அறுத்து வரவேற்பறையில் மாட்டாதீர்கள். பழைய கூட்டில் சில்லை என்கிற குட்டிக் குருவிகள் குடியேறும்.

பரணில் ராத்திரி பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். சாக்குருவி என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், விரட்டவா?

கூகை என்கிற ஆந்தையின் குஞ்சுகள் பசிக்குப் போடும் சத்தம். கீழே அது கக்கிய சாம்பல் நிற உருண்டைகள் கட்டைவிரல் அளவில் கிடக்கும், ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள், எலி ரோமமும் மண்டையோடும் பல்லும் முழுசாக வரும். உங்கள் நெல் மூட்டையைக் காக்கிற ஆள் அது. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கடலைக் காட்டில் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை வைத்திருக்கிறது. களை வெட்ட வேண்டும்.

கூடு என்று எதுவும் இருக்காது, வெறும் மண்தான், முட்டையும் கல் மாதிரியே இருக்கும். நாலு பக்கமும் சற்றுத் தள்ளிக் குச்சி நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெயில் ஏறினால் தாய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், வேலையாட்கள் பக்கத்திலேயே நின்றால் அது வர முடியாமல் முட்டை வெந்துபோகும். காலை நேரத்திலேயே அந்தப் பக்கத்தை முடித்துவிடுங்கள்.

தென்னைப் பொந்தில் கிளிக்குஞ்சு. எடுத்து வளர்க்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவதே வேட்டையில் சேர்த்தி, கிளி வளர்ப்பதும் குற்றம்.

ஒரு குருவி தினமும் என் பைக் கண்ணாடியைக் கொத்தி, எச்சம் போட்டு வைக்கிறது. கோபமா?

கோபம்தான், உங்கள் மேல் இல்லை. பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது, கண்ணாடிக்குள் தெரிவதை எல்லைக்குள் புகுந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. இரண்டு கண்ணாடிக்கும் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள், இனப்பெருக்கக் காலம் முடிந்தால் தானே அடங்கிவிடும். வண்டி எடுக்கும்போது கழற்ற மறந்துவிடாதீர்கள், நான் ஒருநாள் காலுறையோடு சந்தைவரை போய் வந்தேன்.