வலியே இல்லாத குழந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். ஒன்றரை வயதில் பெருமூளை வாதம் என்று சொன்னார்கள். முதுகுக்கு அணை கொடுத்தால் உட்காருவாள், நடக்க மாட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார் பிசியோ. போன வருஷம் எடுத்ததில் 'நார்மல்' என்றுதான் எழுதியிருந்தது. அவளுக்கு வலியும் இல்லை. சும்மா சும்மா கதிர் பாய்ச்ச வேண்டுமா என்று மாமியார் கேட்கிறார், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் கழுவிவிடும்போது வலது கால் முன்பு போல விரிவதில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பிசியோ சொன்னதுதான் சரி அம்மா. இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கால் விரிவதில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். தினமும் இரண்டு மூன்று தடவை குழந்தையைக் கழுவிவிடும் கைக்குத் தெரிவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் டாக்டருக்குத் தெரியாது.

பெருமூளை வாதம் (சுருக்கமாக சி.பி.; மூளை பாதிப்பால் தசைகள் கட்டுக்குள் இல்லாத நிலை) உள்ள குழந்தைகள் பெரும்பாலும் நல்ல இடுப்போடுதான் பிறக்கிறார்கள். தொடை எலும்பின் தலை பந்து போல உருண்டை. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் உட்கார்ந்திருக்கும். மற்ற குழந்தைகள் ஒரு வயதில் எழுந்து நிற்கிறார்கள், நடக்கிறார்கள். உடம்பின் பாரம் இறங்க இறங்கக் கிண்ணம் ஆழமாகும், எலும்பின் கழுத்தும் சரியான கோணத்துக்கு வரும். உங்கள் மகளுக்கு அந்தப் பாரம் இறங்கவில்லை. போதாததற்கு உள்தொடைத் தசைகள் கால்களை இரவும் பகலும் உள்பக்கமாக இழுக்கின்றன. பந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவுகிறது. ஒரே நாளில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் நடக்கிறது. பந்து பாதிக்கு மேல் வெளியே வந்த பிறகும் வலிக்காமல் இருக்கலாம். குருத்தெலும்பு தேய்ந்து, பந்து நசுங்கத் தொடங்கிய பிறகுதான் வலி வரும். அந்தக் கட்டத்தில் எங்களால் செய்ய முடிவது குறைந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு வராத பிள்ளை. ராத்திரியெல்லாம் அழுகிறான் என்றார் அம்மா. வயிற்று வலி, பல் வலி என்று ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்துதான் எங்களிடம் வந்தார்கள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவன் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரேகூட எடுத்ததில்லை. நடக்கப் போவதில்லை, அப்புறம் எக்ஸ்ரே எதற்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடது பந்து முழுக்க வெளியே வந்து, ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. நடக்காத பிள்ளைக்குத்தான் இடுப்பு இன்னும் முக்கியம். நாள் முழுக்க அவன் உட்கார்வதும் படுப்பதும் அந்த இடுப்பின் மேல்தானே? ஒரு பக்கம் நழுவினால் உட்காரும்போது உடம்பு சாயும், பலருக்கு முதுகும் வளையும். உங்கள் மகள் நாளைக்குப் பெரியவளானதும் மாதவிடாய் நாட்களில் சுத்தம் செய்யக் கால் விரிய வேண்டும், இல்லையா?

போன வருஷத்து ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்ற சொல் மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் அது போதாது. எங்களுக்கு வேண்டியது ஒரு எண். மைக்ரேஷன் பர்சன்டேஜ் என்போம், எக்ஸ்ரே படத்தில் ஸ்கேலும் பென்சிலும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு இடுப்புக் குழிகளின் நடுவிலும் உள்ள குருத்தெலும்பைத் தொட்டபடி குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். கிண்ணத்தின் வெளி விளிம்பிலிருந்து அதற்குச் செங்குத்தாகக் கீழே இன்னொரு கோடு. பந்தில் எவ்வளவு அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது என்று அளக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தின் அகலம் 20 மி.மீ., வெளியே இருப்பது 7 மி.மீ. என்றால் 35 சதவீதம். 30-ஐத் தாண்டினால் இடுப்பு நழுவத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம். 40-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தானாகத் திரும்பி வராது, ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிவரும். 100 என்றால் மூட்டு முழுவதும் விலகிவிட்டது. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் நாலைந்து புள்ளி முன்னே பின்னே வரும், அதற்குப் பதற வேண்டாம். ஒரு வருஷத்தில் 18-லிருந்து 30-க்கு ஏறியிருந்தால் அதை விடக்கூடாது. அதனால்தான் பழைய படமும் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

எந்தக் குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்பது இறுக்கத்தை வைத்து வருவதில்லை. துவண்டு கிடக்கும் குழந்தைக்கும் இடுப்பு நழுவும். குழந்தை எந்த அளவுக்கு எழுந்து நடமாடுகிறது என்பதுதான் கணக்கு. அதை ஐந்து நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். உதவியில்லாமல் ஓடியாடும் பிள்ளை முதல் நிலை, வாக்கர் பிடித்து நடக்கும் பிள்ளை மூன்று, தலையே நிற்காத பிள்ளை ஐந்து. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகள் நான்காவது நிலை என்று தோன்றுகிறது. நேரில் பார்க்கும் டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 323 குழந்தைகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் நிலையில் ஒருவருக்குக்கூட 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது நிலையில் நூற்றுக்கு 41 பேருக்கும், நான்கில் 69 பேருக்கும், ஐந்தில் 90 பேருக்கும் தாண்டியிருந்தது. உங்கள் பிசியோ ஆறு மாதம் என்று சொன்னது இதனால்தான். நன்றாக நடக்கும் பிள்ளையாக இருந்தால் இவ்வளவு அடிக்கடி சொல்லியிருக்க மாட்டார்.

இப்படி நாள் குறித்துப் பார்ப்பதால் பலன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. தெற்கு சுவீடனில் 1994-ல் எல்லா சி.பி. குழந்தைகளையும் பதிவு செய்து, முறை வைத்து எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் அங்கே நூற்றில் 9 குழந்தைகளுக்கு மூட்டு முழுதாக விலகியது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் ஆயிரத்தில் 4 பேருக்குத்தான். புதிதாக மருந்து ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. நேரத்துக்குப் பார்த்தார்கள், நேரத்துக்கு ஆபரேஷன் செய்தார்கள். நம் நாட்டிலும் எலும்பு மருத்துவர்களும் சி.பி. மருத்துவர்களும் சேர்ந்து 2022-ல் இதற்கென வழிகாட்டுதல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு வருஷத்தில் நம் எல்லோர் மேலும் இயற்கையாகவே படும் கதிர்வீச்சைவிட ஒரு இடுப்பு எக்ஸ்ரேயில் படுவது குறைவு. சரியாக எடுக்காமல், திரும்ப எடுக்க வைப்பதுதான் வீண். அதனால் எக்ஸ்ரே அறைக்குள் நீங்களும் போங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் மட்டும் வேறு யாரையாவது அனுப்புங்கள். குழந்தை மல்லாந்து நேராகப் படுத்திருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. இரண்டு முழங்கால் சில்லும் கூரையைப் பார்க்க வேண்டும். கால்கள் பின்னிக்கொள்ளவும் கூடாது, அகல விரியவும் கூடாது. முதுகு பலகையிலிருந்து தூக்கி நின்றால் முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள், முதுகு படியும். போன முறையும் இந்த முறையும் ஒரே மாதிரி படுத்திருந்தால்தான் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியும். குழந்தை அழுதால் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் எடுத்த கோணல் படத்தை வைத்து நாங்கள் பல தடவை திண்டாடியிருக்கிறோம்.

எண் 30-க்குள் இருந்தால் பிசியோவைத் தொடருங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி படம். அதற்கு மேல் என்றால் குழந்தைகளுக்கான எலும்பு டாக்டர் பார்க்க வேண்டும். சின்ன வயதில் உள்தொடைத் தசையைத் தளர்த்திவிடும் சிறு ஆபரேஷன் சிலருக்கு உதவும். அதிகமாக நழுவியிருந்தால் தொடை எலும்பை வெட்டிக் கோணம் மாற்றி, தேவைப்பட்டால் கிண்ணத்தையும் ஆழப்படுத்துவோம். பெரிய ஆபரேஷன்தான், மறைக்கவில்லை. ஆனால் பந்து நசுங்கும் முன் செய்தால் மூட்டைக் காப்பாற்ற முடிகிறது. போட்டாக்ஸ் ஊசி போட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இறுக்கம் குறையும், கழுவிவிட வசதியாக இருக்கும். நழுவுவதை அது நிறுத்திவிடும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஆபரேஷன் ஆன பிறகும் வளர்ச்சி முடியும்வரை எக்ஸ்ரே தொடர வேண்டும்.

வீட்டில் அவளைத் தூக்கும்போது நம் ஊர் வழக்கப்படி இடுப்பில், இரண்டு காலும் இரண்டு பக்கம் விழ உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இதனால் நழுவல் நிற்கும் என்று சொல்ல முடியாது, கால் பின்னாமல் இருக்கும். எண்ணெய் தேய்க்கும்போது யாரும் காலை வலுவில் இழுத்து விரிக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். நிற்காத குழந்தையின் எலும்பு மெலிந்திருக்கும். வலிப்பு மாத்திரை சில, அதை இன்னும் மெலிய வைக்கும். பலமாக இழுத்ததில் தொடை எலும்பு முறிந்து வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, மல்லாந்து படுக்க வைத்து இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதங்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு முழங்கால் மற்றதைவிடத் தாழ்ந்து தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சமமாகத் தெரிந்தாலும் எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள், இரண்டு பக்கமும் ஒன்றுபோல நழுவியிருந்தால் வித்தியாசம் தெரியாது.

அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குப் போனால் பிசியோ, எலும்பு டாக்டர் இரண்டுக்கும் வழிகாட்டுவார்கள். போகும்போது போன வருஷத்துப் படத்தை எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. "வலது எவ்வளவு சதவீதம், இடது எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டு எண்ணையும் தேதியோடு படத்தின் உறை மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த படத்துக்கு எந்த மாதம் வர வேண்டும் என்பதையும் அதன் கீழேயே எழுதச் சொல்லுங்கள்.