பால் கறக்காமல், கன்றுக்காக மட்டும் மாடு வளர்ப்பது அயர்லாந்தில் எப்படிக் கட்டுப்படியாகிறது?

பலருக்குக் கட்டுப்படியாவதில்லை என்பதே நேர்மையான பதில். பால் மாடு தினமும் காசு தரும். இறைச்சிக்கான இந்தத் தாய்மாடோ வருஷத்துக்கு ஒரே ஒரு கன்றுதான் தரும்; அது தாய்ப்பாலையெல்லாம் குடித்து வளர்ந்து, எட்டுப் பத்து மாதத்தில் சந்தைக்குப் போகும். ஆண்டு முழுக்கத் தாய் தின்றது, குளிர்காலக் கொட்டகையில் போட்ட சைலேஜ் (புளிக்கவைத்துச் சேமித்த புல்), உரம், டாக்டர் செலவு எல்லாம் அந்த ஒரு கன்றின் தலையில்தான்.

கணக்கு இடறுவது சினையில். சினைக்காலம் சுமார் 285 நாள். வருஷம் ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். ஆனால் கன்று மடியிலேயே கிடந்தால் மாடு பருவத்துக்கு வரத் தாமதமாகும். அதனால் சிலர் கன்றைத் தனியே அடைத்து, காலையும் மாலையும் மட்டும் ஊட்ட விடுவார்கள். முதல் இரண்டு நாள் இரண்டும் கத்துகிற கத்தலில் வீட்டில் தூக்கம் வராது! சினை தப்பினாலோ, ஒரு வருஷத் தீனியும் வீண்.

சந்தையில் விலை போவது சாரொலே, லிமூசின் என்ற பிரெஞ்சு இறைச்சி மாட்டினங்களின் கலப்புக் கன்றுகள். ஆனால் கன்று பெருத்தால் பிரசவம் சிக்கலாகும். ஒரு சிசேரியன் அந்த மாட்டின் லாபத்தையே விழுங்கிவிடும்.

பிறகு ஏன் வளர்க்கிறார்கள்? ஐரோப்பிய ஒன்றிய மானியம் ஒரு காரணம். பல பண்ணைகளில் மிஞ்சும் வருமானமே அதுதான். இன்னொன்று, தினம் இருவேளை கறவை இல்லாததால் வெளிவேலைக்கும் போகலாம்.