'முதல் பதிப்பு' என்று போட்டிருந்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கவிஞர் ந. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' கவிதைத் தொகுப்பின் முதல் பதிப்பு என்று பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். உள்ளே 'முதல் பதிப்பு' என்ற சொல் இருக்கிறது. ஆண்டு இருந்த இடம் கிழிந்துவிட்டது. வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு புத்தகம் பதிப்பகம் மாறி வரும்போது, புதிய பதிப்பகத்தார் தாங்கள் போடும் முதல் பதிப்பையும் 'முதல் பதிப்பு' என்றே அச்சிடுவது தமிழில் வழக்கம். 'காட்டு வாத்து' 1962இல் 'எழுத்து பிரசுரம்' என்ற பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. ஆகவே முதலில் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். அது பொருந்தினால் மற்றவற்றைப் பார்க்கலாம்.

அடுத்து எழுத்துருவம். லை, ளை, ணை, னை ஆகியவை துதிக்கை போட்ட பழைய வடிவிலும், ணா, றா, னா ஆகியவை துணைக்கால் இல்லாமல் சுழித்த வடிவிலும் இருக்க வேண்டும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1978இல். அதற்கு முன்பே புதிய எழுத்தில் அச்சிட்டவை பெரியார் இயக்க வெளியீடுகள் போன்ற சிலவே. 1962 புத்தகத்தில் இன்றைய 'லை' இருந்தால் அது பிற்கால அச்சு. ஆனால் பழைய எழுத்து இருந்தாலே 1978க்கு முந்தைய புத்தகம் என்று திருப்பிச் சொல்லிவிடக் கூடாது. பழைய அச்செழுத்துகளைக் கையில் வைத்திருந்த அச்சகங்கள் 1978க்குப் பிறகும் சில வருடம் அவற்றையே கோத்தன. 1981 புத்தகத்தில் துதிக்கை 'லை' இருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, முகவரியும் விலையும். 'சென்னை-5' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழையது. '600 005' என்று ஆறு இலக்கத்தில் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது, ஏனென்றால் பின்கோடு அன்றுதான் வந்தது. விலை 'ரூ. 1-8-0' என்று அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தைய புத்தகம். 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆகிவிட்டது. அச்சிட்ட விலையின் மேல் சீட்டு ஒட்டியோ ரப்பர் ஸ்டாம்ப் குத்தியோ விலையைக் கூட்டியிருந்தால் பயப்படாதீர்கள். விற்காமல் தங்கிய அதே பதிப்புதான் அது. சீட்டை மட்டும் பிய்த்துவிடாதீர்கள்.

கடைசியாக விரல். ஒரு தாளின் பின்புறத்தை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்துத் தடவிப் பாருங்கள். ஈய எழுத்தைக் கோத்து அடித்த அச்சு என்றால் எழுத்து லேசாகப் புடைத்திருக்கும். ஈய எழுத்து இல்லாமல் அடிக்கும் ஆஃப்செட் அச்சில் தாள் வழவழவென்றிருக்கும். பழைய பதிப்பை ஆஃப்செட்டில் நகலெடுத்து அடித்த பதிப்பில் பழைய 'லை'யும் பழைய முகவரியும் அப்படியே வந்துவிடும், இந்தப் புடைப்பு மட்டும் வராது.

கவிஞர் கையெழுத்திட்ட பிரதி என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கோவை

நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுவது போன்ற, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேனா மை தாளின் இழைகளோடு ஊறிப் பரவியிருக்கும். கோடு கோட்டைக் கடக்கும் இடம் அடர்ந்திருக்கும். ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்தில் ஓரம் அடர்ந்தும் நடு வெளிறியும் இருக்கும், கோடுகள் கடக்கும் இடத்தில் அடர்த்தி கூடாது. அச்சிட்ட கையெழுத்து ஒரே சீராக இருக்கும், சில சமயம் புள்ளி புள்ளியாகப் பிரியும். பால்பாயிண்ட் பேனா என்றால் மறுபக்கத்தில் தடம் விழுந்திருக்க வேண்டும்.

லென்ஸுக்கு முன்னால் நாள்காட்டி. கவிஞர்களில் ஆத்மாநாம் 1984இலும் பிரமிள் 1997இலும் காலமானார்கள். கையெழுத்துக்குக் கீழே போட்ட தேதி அதற்குப் பிந்தியிருந்தாலோ, புத்தகமே பிந்திய அச்சாக இருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அவசரமாகப் போட்ட கையெழுத்து சீராக இருக்காது. ஒவ்வொரு வளைவும் நிதானமாக, நடுங்கி நடுங்கி ஓடியிருந்தால் யாரோ பார்த்து எழுதியது என்று சந்தேகப்படுங்கள்.

வெறும் கையெழுத்தைவிட 'இன்னாருக்கு அன்புடன்' என்று பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்த பிரதியே எங்களுக்கு உசத்தி. அந்தப் பெயர் இன்னொரு கவிஞருடையதாகவோ சிற்றிதழ் ஆசிரியருடையதாகவோ இருந்தால் இன்னும் விசேஷம். முன்னாள் உரிமையாளர் பெயரைச் சுரண்டி அழித்து விற்பவர்கள், புத்தகத்தின் வரலாற்றில் பாதியைச் சுரண்டிவிடுகிறார்கள்.

பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றில் 'கீலக வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு?
– வாசகர், காரைக்குடி

அறுபது வருடத்துக்கு ஒருமுறை வருவதால் 1848, 1908, 1968 மூன்றில் ஒன்று. சித்திரையில் தொடங்குவதால் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை ஓடும். விலை அணாவில் இருந்தால் 1968 கழிந்துவிடும். மிச்சத்தை அச்சகத்தின் பெயரும் தாளும் சொல்லிவிடும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழியுங்கள், வேலை முடிந்தது.

எழுபதுகளின் கவிதைத் தொகுப்புகள் சில மெல்லியவை, நடுவில் ஸ்டேபிள் பின் அடித்தவை. பின் துருப்பிடித்துத் தாள் பழுப்பாகிறது. பைண்டிங் கொடுத்துவிடலாமா?
– வாசகர், சென்னை

கொடுக்காதீர்கள். பைண்டிங் கடையில் மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார்கள், அட்டையை வீசிவிடுவார்கள். அட்டை இல்லாத முதல் பதிப்புக்கு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இதை நீங்களே சரிசெய்யலாம்.

புத்தகத்தை நடுப்பக்கம் மேலே தெரிய மெத்தென்ற துணியில் விரியுங்கள். பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, மழுங்கிய கத்தியால் கால்களை நேராக நிமிர்த்துங்கள். பிறகு திருப்பி, முதுகுப் பக்கத்திலிருந்து பின்னை உருவுங்கள். காலை நிமிர்த்தாமல் இழுத்தால் துருவோடு தாளும் வட்டமாகப் பிய்ந்து வரும். பெரும்பாலும் நடக்கும் விபத்து இதுதான். துருப்பொடியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கறையைப் போக்க எலுமிச்சைச் சாறு தடவும் யோசனையை மறந்துவிடுங்கள், அதன் அமிலம் தாளை நொறுங்க வைக்கும்.

இப்போது பழைய இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே ஊசியால் மூன்றாவது ஒன்று போடுங்கள். புத்தக உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்குப் பருத்தி நூல் எடுத்து, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். நைலான் நூல் தாளை அறுக்கும். நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே, மேல் ஓட்டையில் உள்ளே, அங்கிருந்து நேராகக் கீழ் ஓட்டைக்கு வந்து வெளியே, மறுபடி நடு ஓட்டையில் உள்ளே. நூலின் இரு முனைகளும் நடுவில் ஓடும் நீள நூலுக்கு இரு பக்கமும் இருக்க வேண்டும். அதைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். நூலைத் தாளின் மடிப்பை ஒட்டியே இழுங்கள். செங்குத்தாகத் தூக்கினால் ஓட்டை கிழியும்.

பக்கவாட்டில் முழுக் கனத்துக்கும் பின் குத்தி, மேலே அட்டை ஒட்டிய புத்தகம் என்றால் இந்த வேலை வேண்டாம். அட்டை உரிந்துவிடும். ஈரமில்லாத இடத்தில் வைத்திருந்தாலே துரு மேலும் பரவாது.

புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு என்ன செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விடுங்கள். உடனே பிரித்தால் தாளில் நீர் கோத்து, பூச்சி போய்ப் பூஞ்சை வரும். அந்துருண்டையைப் புத்தகத்தோடு ஒட்டி வைக்க வேண்டாம். செல்லோ டேப் எந்தக் கிழிசலுக்கும் கூடாது; டேப் உதிர்ந்த பிறகும் பசை எண்ணெய்க் கறையாகத் தங்கிவிடும்.

வாங்கிய புத்தகத்தில் நூலக முத்திரை இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

'நீக்கப்பட்டது' என்ற முத்திரையோ, பதிவு எண்ணின் மேல் கோடு கிழித்த அடையாளமோ இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முத்திரையில் உள்ள நூலகத்துக்கு அந்தப் பதிவு எண்ணைச் சொல்லி எழுதிக் கேளுங்கள். அவர்களுடையது என்று சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.