வேன் வேண்டாம், ஓ.பி. சீட்டு போதும்

கேள்வி: தம்பிக்கு 24 வயது. சில மாதங்களாகத் தானாகச் சிரிக்கிறான், யாரோ திட்டுவது காதில் கேட்கிறது என்கிறான், தூங்குவதில்லை. அப்பாவுக்குக் கட்டட வேலை. தெரிந்தவர் ஒருவர், "அட்வான்ஸ் கொடுத்தால் மனநல ஹோமிலிருந்து வேன் வந்து கூட்டிப்போகும்" என்கிறார். அரசு மருத்துவமனை என்றால் செலவாகுமா?

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவுக்குப் போங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அங்கே சிகிச்சை இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும் இலவசம்தான். அட்டை கேட்டு அலைக்கழித்தால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். ஊழியருக்கு நோயாளியின் அக்கா சட்டம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, என்ன செய்வது!

வேனில் வருகிறவர் மருத்துவர் இல்லை, பெரும்பாலும் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர். இல்லத்தின் பதிவு எண் கேளுங்கள், பேச்சு மாறும். பதிவில்லாமல் மனநல இல்லம் நடத்துவதே குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநல இல்லம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை அதே 2017 சட்டத்தின் 95-வது பிரிவு தடை செய்கிறது.

"அவன் வரமாட்டேன் என்கிறானே" என்பீர்கள். புரோக்கர் பிழைப்பதே இதில்தான். வர மறுப்பது மட்டுமே கட்டாயமாகச் சேர்க்கக் காரணமாகாது. தன்னையோ பிறரையோ தாக்கப் போனால், அல்லது ஆபத்தாகும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் போனால், உறவினர் என்ற முறையில், சேர்க்கச் சொல்லி மருத்துவமனையில் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ ஒருவரும் தனித்தனியே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள்தான். உயிருக்கு ஆபத்து என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம்.

அப்புறம், மாத்திரை. ஒரு மாதத்துக்கு எழுதியிருப்பார்கள். மருந்தகத்தில் "ஸ்டாக் இல்லை, பத்து நாளுக்கு வாங்கிக்கோங்க" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் ஒரு நாள் கூலி போகும். கூலிக்காரர் வீட்டுப் பையனுக்கு நோய் திரும்பி வருவது இந்த ஜன்னலில்தான் தொடங்குகிறது, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு, அங்கேயே மருந்து வாங்க எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் குழப்பமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் பேசலாம், கட்டணமில்லை.