நீண்ட டிராக்கில் டூ-ஸ்ட்ரோக் கார்ட்: கேள்வி பதில்

இந்த முறை பதில் சொல்ல என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். 100 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் பூட்டிய கார்ட்டை (சஸ்பென்ஷன் இல்லாத சின்னத் திறந்த ரேஸ் வண்டி), கார்களுக்காகக் கட்டிய முழுநீள டிராக்கில் முக்கால் மணி நேரம் விடாமல் ஓட்டுவதுதான் எனக்குத் தெரிந்த களம். அமெரிக்காவில் இதை எண்டூரோ என்பார்கள். இன்ஜின், கார்புரேட்டர், பல்சக்கரம், டிராஃப்டிங் (காற்றுத் தடை குறைய முன்வண்டியின் பின்னால் ஒட்டிப் போவது) எது பற்றியும் கேளுங்கள். என்ன விலை, எங்கே வாங்கலாம் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, சாதாரண கார்ட் ரேஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? டிராக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதானே?

பதில்: அந்த நீளம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது தம்பி. கார்ட்டுக்கென்று போட்ட டிராக் ஒரு கிலோமீட்டரைச் சுற்றி இருக்கும். வளைவுக்குப் பின் வளைவு வந்துகொண்டே இருப்பதால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்திருக்கும் நேரம் சில விநாடிகள்தான். விஸ்கான்சினில் இருக்கும் ரோட் அமெரிக்கா 4.048 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டர். புளோரிடாவில் இருக்கும் டேடோனாவின் ரோட் கோர்ஸ் 3.56 மைல். அங்கே பேங்கிங்கில், அதாவது சரிவாக உயர்த்திக் கட்டிய வளைவில், ஏறினால் முதல் வளைவு வரை கால் தரையோடு தரையாகத்தான் இருக்கும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இவ்வளவு நேரம் தொடர்ச்சியாக முழுப் பாரம் ஏற்றுவதற்கும், வளைவுகளுக்கிடையே துள்ளித் துள்ளி ஓட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது காற்று. எண்டூரோ கார்ட்டில் ஓட்டுபவர் கிட்டத்தட்டப் படுத்திருப்பார், பெட்ரோல் டேங்குகள் இரு பக்கமும் இருக்கும். வேகம் கூடக் கூட, காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். காற்றுத் தடையை மட்டும் கணக்கில் எடுத்தால், உடம்பைத் தாழ்த்தி அதில் 20 சதவீதம் குறைத்தால் உச்ச வேகம் சுமார் 8 சதவீதம் கூடும். இன்ஜினைக் கொண்டு அதே 8 சதவீதத்தை எடுக்க 25 சதவீதம் கூடுதல் குதிரைசக்தி வேண்டும். யமஹா கேடி100 போன்ற 100 சிசி இன்ஜினில் அந்தக் கால்பங்கை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. தலையைத் தாழ்த்தினால் சும்மா கிடைக்கிறது. முழங்கை வெளியே நீட்டியபடி ஓட்டுபவர்கள் இன்ஜின் டியூனருக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கேள்வி: எவ்வளவு வேகம் போகும் சார்?

பதில்: கணக்கைச் சொல்கிறேன், உங்கள் வண்டிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். பின் டயரின் சுற்றளவு 86 சென்டிமீட்டர், இன்ஜின் 11,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினில் 20 பல், ஆக்ஸிலில் 80 பல் என்றால் ஆக்ஸில் 2,750 ஆர்பிஎம் சுற்றும். வேகம் மணிக்கு 142 கிலோமீட்டர். ஆக்ஸிலில் 70 பல் போட்டால் 162. அந்த நிலையில் பின்னால் ஒரு பல் கூட்டினால் சுமார் 2 கிலோமீட்டர் குறையும்.

இது காகிதக் கணக்கு. பல்லைக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இன்ஜினால் அந்த ஆர்பிஎம்மை எட்டவே முடியாமல் வேகம் திரும்பக் குறையும். தனியாக ஓட்டும்போது சரியாக இருக்கும் பல், டிராஃப்டில் தவறாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். முன்னால் போகிறவர் காற்றை விலக்கித் தருவதால் உங்கள் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும். கூட்டத்தோடு ஓடப் போகிறீர்கள் என்று தெரிந்தால் ஆக்ஸிலில் ஒரு பல்லோ இரண்டு பல்லோ குறைத்துப் போடுங்கள்.

கேள்வி: ஃபோர்-ஸ்ட்ரோக் கார்ட்டுக்கும் இதே கணக்கு பொருந்துமா?

பதில்: பல் கணக்கு பொருந்தும். மற்றதை ஃபோர்-ஸ்ட்ரோக் ஓட்டுபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இப்போது 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கலக்கிறேன். நீண்ட டிராக்குக்குப் போகும்போது பாதுகாப்புக்காக 16-க்கு 1 ஆக்கினால் போதுமா?

பதில்: ஆயிலைக் கூட்டுவது நல்லதுதான். கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் தொடாமல் கூட்டுவதுதான் ஆபத்து. ஊசி வழியே போவது கலவை. 32-க்கு 1 கலவையில் 97 சதவீதம் பெட்ரோல், 16-க்கு 1 கலவையில் 94 சதவீதம். ஊசித் திறப்பு மாறாவிட்டால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் 3 சதவீதம் குறைந்துவிட்டது. பாதுகாப்பு என்று நினைத்து லீன் (காற்றுக்குப் பெட்ரோல் குறைந்த கலவை) ஆக்கியிருக்கிறீர்கள். ஆயிலைக் கூட்டினால் ஹை ஊசியையும் (முழு வேகத்துக்கான ஊசி) கொஞ்சம் திறந்துவிட்டு, அதன் பிறகு வெப்பத்தைப் பாருங்கள்.

விளக்கெண்ணெய் அடிப்படையிலான ஆயிலா, சிந்தெடிக்கா என்று அடுத்தவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். விளக்கெண்ணெய் சூடான உலோகத்தில் ஒட்டி நிற்கும், லீன் ஆன நேரத்தில் இன்ஜினைக் காப்பாற்றும். ஆனால் பிசுபிசுப்பாகப் படிந்து ரிங்கைச் சிக்க வைக்கும், அடிக்கடி திறந்து சுத்தம் செய்ய வேண்டும். திறந்து பார்க்கச் சோம்பல் இல்லாதவர்கள் அதைப் போடலாம்.

இன்னொன்று, இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்: நேர்பாதையில் வண்டி நன்றாக இழுக்கிறது என்று ஊசியை மூடாதீர்கள். லீன் ஆகிக்கொண்டிருக்கும் டூ-ஸ்ட்ரோக், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சிக்கி சீஸ் ஆவதற்குச் சற்று முன்புதான் மிக அழகாக இழுக்கும்.

கேள்வி: எக்ஸாஸ்ட் வெப்பமானியில் எத்தனை டிகிரி காட்ட வேண்டும்?

பதில்: உங்கள் சென்சார் எக்ஸாஸ்டில் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது, எந்தப் பைப் என்பதைப் பொறுத்து எண் மாறும். அடுத்தவர் எண் உங்களுக்கு உதவாது. உங்கள் வண்டியில் பிளக்கும் பிஸ்டனும் நல்ல நிறத்தில் இருந்த நாளில் என்ன காட்டியது என்று எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் எண்.

கேள்வி: நேர்பாதை முடிவில் கார்புரேட்டர் வாயைக் கையால் மூட வேண்டும் என்கிறார்களே, ஏன்? 160 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. பழைய ஆட்களின் மூடநம்பிக்கை என்றே நினைக்கிறேன்.

பதில்: இது மூடநம்பிக்கை இல்லை. முழுதாகச் சொல்கிறேன்.

இந்தக் கார்ட் டூ-ஸ்ட்ரோக்கில் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு வருவதுதான் ஆயில். நீண்ட நேர்பாதை முழுக்க முழு ஆக்ஸிலரேட்டரில் வந்து பிஸ்டன் உச்ச வெப்பத்தில் இருக்கிறது. சட்டென்று காலை எடுக்கிறீர்கள், கார்புரேட்டர் மூடுகிறது. பெட்ரோல் வரத்து அற்றுப்போகிறது, அதோடு ஆயிலும். ஆனால் கிளட்ச் இன்னும் பிடித்தபடிதான் இருக்கிறது. வேகம் குறைந்து விடுபடும் வரை பின் ஆக்ஸில் இன்ஜினை 10,000 ஆர்பிஎம்மில் இழுத்துச் சுற்றவைக்கிறது. கொதிக்கும் பிஸ்டன், உலர்ந்த சிலிண்டர், குறையாத வேகம். சீஸ் ஆவதற்கு வேறென்ன வேண்டும்?

அதனால்தான் காலை எடுக்கும் முன், ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதித்திருக்கும்போதே, காற்று உள்ளே போகும் வாயை ஒரு கணம் உள்ளங்கையால் மூடுகிறோம். காற்று நின்றதும் உறிஞ்சும் விசை முழுவதும் பெட்ரோலை இழுக்கும். ரிச்சான, அதாவது பெட்ரோல் கூடிய, கலவை உள்ளே பாய்ந்து, ஆவியாகும்போது பிஸ்டனைக் குளிர்விக்கும், ஆயிலையும் பூசிவிடும். இன்ஜின் சத்தம் மந்தமானதும் கையை எடுத்துவிட்டு, பிறகு காலை எடுத்து, பிரேக் பிடிக்க வேண்டும். வண்டி நேராக இருக்கும்போது, பிரேக் புள்ளிக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். ரோட் அமெரிக்காவில் முதல் வளைவுக்கு முன், ஐந்தாம் வளைவுக்கு இறங்கும்போது, கனடா கார்னருக்கு முன் என்று மூன்று இடம் போதும். ஒவ்வொரு வளைவிலும் தேவையில்லை.

கேள்வி (முன்பு கேட்டவரே): விளக்கம் புரிகிறது. ஆனால் அது வெப்பமானி இல்லாத காலத்துப் பழக்கம். எக்ஸாஸ்ட் வெப்பம் கண்முன் தெரியும்போது, அது எல்லைக்குள் இருந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எதற்கு எடுக்க வேண்டும்?

பதில்: எக்ஸாஸ்ட் வெப்பமானி வெளியேறும் புகையின் சூட்டைத்தான் காட்டுகிறது. சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இன்னொரு விஷயம்: இன்ஜின் டெட்டனேஷனில் (கலவை சீராக எரியாமல் வெடிப்பது) தட்டத் தொடங்கினால் சூடு புகையோடு போகாமல் பிஸ்டனுக்குள்ளும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குள்ளும் இறங்கும். அப்போது எக்ஸாஸ்ட் வெப்பமானி முள் கீழே இறங்கும். “குளிர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் லீன் பண்ணலாம்” என்று அதைப் பார்த்து ஊசியை மூடுபவர் அடுத்த வளைவைப் பார்க்கமாட்டார். ஹெட் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் உடனே ஊசியைத் திறங்கள்.

கேள்வி (இன்னொருவர்): நான் முந்தைய நண்பர் பக்கம். லோ ஊசியை அதிகம் திறந்து வைத்தால், ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போதும் பெட்ரோல் வருமே? கைக்கு வேலையே இல்லை.

பதில்: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூடிய நிலையில் பெட்ரோல் வருவது லோ ஊசி வழியாகத்தான். அதை ரிச்சாக வைப்பது நல்ல பழக்கம். ஆனால் சீஸ் ஆகாமல் இருக்கத் தேவையான அளவு திறந்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் திணறும். நீண்ட டிராக்கில் நேர்பாதைக்கு முந்தைய வளைவில் இழக்கும் வேகம் அந்த நேர்பாதை முழுவதும் திரும்பாது. ஒரு கணம் கையால் மூடுவதில் போகும் நேரத்தைவிட அது அதிகம். அளவோடு லோ ஊசி, கூடவே கை என்பதுதான் என் முடிவு.

கேள்வி (கையால் மூடுவது பற்றி முதலில் கேட்டவர்): டிராஃப்டில் வரிசையாகப் போகும்போது கையால் மூடினால் பின்னால் வருபவர் இடித்துவிடமாட்டாரா?

பதில்: இன்றைய கேள்விகளில் மிகச் சிறந்தது இது. ஆம், இன்ஜின் மந்தமான கணத்திலேயே பின்வண்டி நெருங்கிவிடும். அதனால் கையைத் தெளிவாகத் தெரியும்படி கொண்டுபோக வேண்டும். பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு அந்தக் கைதான். நீங்கள் பின்வண்டி என்றால் முன்னவரின் தோளைக் கவனியுங்கள். தோள் அசைந்ததும் நீங்களும் மூடத் தயாராகுங்கள். அறிமுகமில்லாத ஒருவரின் பின் பம்பரில் ஒட்டிக்கொண்டு நேர்பாதை முடிவு வரை போகாதீர்கள்.

கையால் மூடவே தேவையில்லாத வண்டிகளும் உண்டு. தண்ணீரால் குளிரும் இன்ஜினில், மிதவைக் கிண்ணம் உள்ள கார்புரேட்டரில், ஜெட்டை ரிச்சாகப் போட்டு நிறையப் பேர் கை வைக்காமல் ஓட்டுகிறார்கள். நான் சொன்னதெல்லாம் காற்றால் குளிரும் 100 சிசி பிஸ்டன்-போர்ட் இன்ஜின் (பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடும் வகை), மிதவைக் கிண்ணத்துக்குப் பதில் மெல்லிய சவ்வால் இயங்கும் டயாஃப்ரம் கார்புரேட்டர் பற்றி. அதில் மட்டும் என்னை அசைக்க முடியாது.

கேள்வி: 250 சிசி சூப்பர்கார்ட் பற்றியும் சொல்லுங்களேன்.

பதில்: இரட்டை சிலிண்டர், ஆறு கியர், நான்கு சக்கர பிரேக். அது தனி உலகம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

கேள்வி: என்னிடம் சாதாரண ஸ்பிரிண்ட் கார்ட் இருக்கிறது. அப்படியே நீண்ட டிராக்கில் இறக்கலாமா?

பதில்: உட்கார்ந்து ஓட்டும் கார்ட்டுகளுக்கும் வகுப்புகள் உண்டு, இறக்கலாம். அப்படியே இறக்கக் கூடாது. பல்லை மாற்ற வேண்டும். பெட்ரோல் முழு நேரத்துக்கும் போதுமா என்று பார்க்க வேண்டும். முன் சக்கரங்களின் டோவைப் (உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். சக்கரம் தேய்ந்தபடி உருண்டால் நேர்பாதையில் வேகத்தைத் தின்றுவிடும். பேரிங், செயின், பிரேக் பேட் எல்லாம் புதிதாக இருக்கட்டும். குட்டி டிராக்கில் செயின் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். இங்கே முழு வேகத்தில் அறுந்தால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. செயின் கார்டு இல்லாமல் யாரும் இறங்காதீர்கள்.

கார்கள் ஏறும் கெர்ப் (வளைவோரத்து மேட்டு விளிம்பு) மேல் நீங்கள் ஏறாதீர்கள். சஸ்பென்ஷன் இல்லை, சேஸி குழாய் நேரே இடிக்கும்.

கேள்வி: பைக் ஹெல்மெட் போதுமா? சீட் பெல்ட் உண்டா?

பதில்: பெல்ட் கிடையாது. ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு) இல்லாத வண்டியில் உடம்பைக் கட்டிவைப்பது ஆபத்து. அதனால்தான் தோல் உடை, கழுத்துக் காலர், விலா கவசம் எல்லாம் கட்டாயம் என்கிறேன். ஹெல்மெட்டில் ஸ்னெல் அமைப்பு கார்ட்டுக்கென்றே ‘கே’ தரம் வைத்திருக்கிறது, அதைப் பாருங்கள். படுத்து ஓட்டும் வண்டியில் காற்று தலையைப் பின்னுக்கு இழுக்கும், முக்கால் மணி நேரமும் கழுத்துதான் அதைத் தாங்க வேண்டும். இன்றே கழுத்துப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

கேள்வி: எக்ஸாஸ்ட் வெப்பம் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் ஐயா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். எண் தரமாட்டேன்.

கேள்வி: கேடி100-க்கு எத்தனை டிகிரி என்றாவது?

பதில்: இதே கேள்விதான் மீண்டும் வருகிறது. இன்னொருவர் எண்ணைத் துரத்தி ஊசியை மூடித்தான் பெரும்பாலான பிஸ்டன்கள் போகின்றன. தயவுசெய்து ஊசியை ரிச்சிலிருந்து தொடங்கி, ஒரு சுற்றுக்குக் கொஞ்சமாகத்தான் மூடுங்கள், நேர்பாதையில் வேண்டாம்.

கேள்வி: ரேஸ் முடிந்ததும் இன்ஜினில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றி, டார்ச் அடித்து, போர்ட் வழியே பிஸ்டனின் பக்கச் சுவரைப் பாருங்கள். சீஸ் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் தொடங்கும், ஏனென்றால் சூடு அங்கேதான் அதிகம். மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்திருந்தால், வண்டி நன்றாக ஓடியிருந்தாலும் அது பாதி சீஸ் ஆகி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டரைத் திறந்து பார்க்காமல் அடுத்த ரேஸுக்கு ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கோடு இல்லை, ஆயில் ஈரம் பளபளக்கிறது என்றால் பைப்பை மாட்டிவிட்டு, டயாஃப்ரத்தை மாற்றுங்கள்.