பேட்டரி மாற்றியும் இழுத்து இழுத்துச் சுற்றும் இஞ்சின்: செலவழித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: என்னிடம் 2011 மாடல் டீசல் கார் இருக்கிறது. குடும்ப உபயோகம்தான். சில மாதங்களுக்கு முன் காலையில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பேட்டரி போய்விட்டது என்றார்கள். பழைய பேட்டரிக்கு ஆறு வயது ஆகியிருந்ததால், அவர்கள் சொன்ன கடையிலேயே 6,400 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். சில வாரங்களில் அதே பிரச்சினை. இந்த முறை இஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார்தான் காரணம் என்று சொல்லி 8,500 ரூபாய் வாங்கினார்கள். கையெழுத்தில்லாத துண்டுச்சீட்டுதான் கொடுத்தார்கள். அப்படியும் தீரவில்லை. கடைசியில் வேறோர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயரை மாற்றினார். 650 ரூபாயில் வேலை முடிந்தது. இதற்கிடையில் புதுப் பேட்டரியும் சார்ஜ் நிற்காமல் போய்விட்டது. கடைக்காரர், ‘உங்கள் வண்டிக் கோளாறு, வாரண்டி கிடையாது’ என்கிறார். ஒர்க்‌ஷாப்காரரோ, கூலி பாக்கி 1,500 இருக்கிறது, வண்டி கைக்கு வந்தால் பிடித்து வைப்பேன் என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மொத்தச் செலவையும் ஒரே புகாரில் கேட்காதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனி வழக்குகள். ஒன்று வலுவானது, இன்னொன்று இப்போதைக்கு வழக்கே இல்லை.

முதலில் பேட்டரி. அதை வாங்கியதற்கான பணத்தை ஒர்க்‌ஷாப்பிடம் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு வருடம் ஓடிய பேட்டரியை மாற்றச் சொன்னதைத் தவறு என்று எந்த நுகர்வோர் ஆணையமும் எளிதில் சொல்லாது. இனி, புதுப் பேட்டரி ஏன் படுத்தது? பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவுக்கும் எர்த் இஞ்சின் வழியாகத்தான் போகிறது. அந்த ஒயர் அரித்துப் போனால் செல்ஃப் மோட்டாருக்குப் போதிய கரண்ட் கிடைக்காது. பேட்டரிக்கும் சார்ஜ் முழுதாக ஏறாது. பல வாரம் அரைகுறைச் சார்ஜில் கிடந்த பேட்டரி படுத்துவிட்டதில் வியப்பில்லை. அது செத்துவிட்டது என்று இன்னும் சொல்ல முடியாது.

அதனால் அதைக் கழற்றி, நல்ல சார்ஜரில் மெதுவாக முழுச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் நின்றால் நல்லது. பிறகு லோடு டெஸ்ட். சுமை கொடுக்கும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் பேட்டரி பிழைத்துக்கொண்டது. உங்களுக்கும் கடைக்காரருக்கும் சண்டையே இல்லை. முழுச் சார்ஜுக்குப் பிறகும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால் ஒரு செல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கடைக்காரர் ‘வண்டிக் கோளாறு’ என்று வாயால் சொல்லிவிட்டு நழுவ முடியாது. என்ன சோதனை செய்தார், எந்த வாரண்டி நிபந்தனைப்படி மறுக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கடையையும் தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்துப் புகார் செய்யலாம். கடைக்காரரின் பேட்டரி நல்லது, கெட்டது என்று வாதம் நீண்டால், தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு உண்டு.

இப்போது செல்ஃப் மோட்டார். உங்கள் வலுவான வழக்கு இதுதான், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. நோயைத் தவறாகக் கணித்ததே சேவைக் குறைபாடு ஆகிவிடாது. பழைய வண்டியில் கோளாறைத் தேடும்போது நல்ல மெக்கானிக்கும் தவறலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, வேலை செய்யும் விதத்தில் உள்ள குறையையும் கவனக்குறைவையும் குறைபாடாகக் கொள்கிறது. ஆக, கேள்வி இதுதான்: 8,500 ரூபாய் வேலைக்குக் கை வைக்கும் முன், அந்தத் தொழிலில் யாரும் செய்யும் சாதாரணச் சோதனையை அவர் செய்தாரா?

அந்தச் சோதனை மிக எளியது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். சுமார் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் ஒயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. பேட்டரி மாற்றியும் பிரச்சினை தீராதபோது இதைக்கூடப் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரைக் கழற்றியது, என் பார்வையில், கவனக்குறைவு என்று வாதிடத் தகுந்தது.

ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் மேல். குறைபாட்டைப் புகார்தாரர்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கழற்றிய எர்த் ஒயரை எலக்ட்ரீஷியன் உங்களிடம் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளியே உறை கறுப்பாக நன்றாக இருக்கும். கிளாம்ப் ஓரத்தில் கொஞ்சம் உரித்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிரும். அதைப் படம் எடுங்கள், ஒயரையும் பத்திரமாக வையுங்கள். எலக்ட்ரீஷியனிடம் தேதி, வண்டி எண், என்ன கோளாறு பார்த்தார், என்ன மாற்றினார், அதன் பிறகு வண்டி எப்படி ஸ்டார்ட் ஆனது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேவைப்பட்டால் அவரே பிறகு உறுதிமொழிப் பத்திரம் தரலாம். ஆணையம் பெரும்பாலும் இப்படிப்பட்ட பத்திரங்களையும் ஆவணங்களையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறது.

ஒர்க்‌ஷாப் கழற்றிய பழைய செல்ஃப் மோட்டாரையும் கேளுங்கள். விலையில் கழித்துக்கொண்டு எடுத்திருந்தால் ஒழிய, அது உங்கள் சொத்து. அது நன்றாகச் சுற்றுகிறது என்று வேறொருவர் சோதித்துச் சொன்னால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. தர மறுத்தால், மறுத்ததையும் கடிதத்தில் எழுதிவையுங்கள். துண்டுச்சீட்டு பற்றிக் கவலை வேண்டாம். யுபிஐ மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே போதிய சான்று. முறையான பில் தராததே 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக முறை. அதைப் புகாரில் தனியே சொல்லுங்கள்.

வண்டியைப் பிடித்து வைப்பேன் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, வேலை செய்த மெக்கானிக் கூலி கிடைக்கும்வரை வண்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. ஆனால் அது வண்டி அவர் வசம் இருக்கும்வரைதான். உங்களிடம் ஒப்படைத்துவிட்டபின் அந்த உரிமை போய்விட்டது. ரோட்டில் நிறுத்திப் பிடுங்க முயன்றால் அது போலீசில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். அந்த 1,500 உண்மையிலேயே தர வேண்டிய பாக்கி என்றால் மறைக்காதீர்கள்; கேட்கும் தொகையிலிருந்து கழித்துக் காட்டுங்கள்.

சரி, அடுத்தது என்ன? ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பக்கக் கடிதம். செல்ஃப் மோட்டார் விலையும் கூலியும் 8,500, பழைய மோட்டார், பதினைந்து நாள் கெடு. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். இந்த அளவுத் தொகைக்குப் பல நேரம் அதிலேயே சமரசம் ஆகிவிடும். ஆகாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்டுப் புகாரின் நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்கும் தொகை நியாயமாக இருந்தால் ஆணையம் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும்.

புகாருக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. செல்ஃப் மோட்டார் மாற்றிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். எர்த் ஒயர் மாற்றிய தேதியை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.